கோப்பை கையில் வந்த மூன்றாம் நாள்: விகன் அத்லெடிக்கின் 2012–13 சீசன், ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

2013 மே 11, சனிக்கிழமை மாலை இங்கிலாந்தின் விகன் அத்லெடிக் கால்பந்து அணி, தோற்றவர் வெளியேறும் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்றது. மே 14, செவ்வாய் இரவு அதே அணி, நாட்டின் உச்ச அடுக்கான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது (20 அணிகளில் கடைசி மூன்று அடுத்த அடுக்குக்கு இறங்கும்). ஒரே சீசனில் இந்தக் கோப்பையை வென்று, தரமும் இறங்கிய முதல் அணி அதுதான்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் ஒரு விளக்கமும் கூடவே வரும்: கோப்பை ஆசையில் லீக்கைக் கோட்டை விட்டார்கள் என்று. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த சீசனின் 38 லீக் முடிவுகளையும் 7 கோப்பை முடிவுகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை நிற்கவில்லை. அந்தத் தாளைத்தான் இங்கே விரித்து வைக்கிறேன். ஆட்களைப் பெயரால் சொல்லாமல், அவர்கள் வகித்த இடத்தால் குறிப்பிடுகிறேன். எந்த முடிவு எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்க்க அது போதும்.

பின்னணி

விகன், மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் நடுவில் இருக்கும் ஊர். இரண்டு பக்கமும் கால்பந்தின் ஜாம்பவான்கள் இருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு முதலில் ரக்பிதான். கால்பந்து அணி 1932இல் தொடங்கி, 1978இல்தான் நாடு தழுவிய ஃபுட்பால் லீக்கில் இடம் பிடித்தது. 1995இல் ஊர்த் தொழிலதிபர் ஒருவர் வாங்கியபோது அது நான்காம் அடுக்கில் கிடந்தது. பத்தே ஆண்டில், 2005இல், பிரீமியர் லீக்கில் ஏறியது. அந்த உரிமையாளரும் ஒரு காலத்தில் ஆட்டக்காரர். 1960இல் பிளாக்பர்ன் அணிக்காக இதே கோப்பையின் இறுதிப் போட்டியில் இறங்கி, வெம்பிளி மைதானத்தில் கால் முறிந்தவர். கோப்பை என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

2009இல் ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் பொறுப்பேற்றார். ஆறு ஆண்டுகள் இதே அணியில் ஆடியவர் என்பதால் ஊருக்குப் புதியவரில்லை. பந்தைத் தூக்கி அடிக்காமல், கோல்கீப்பர் காலிலிருந்தே தரையோடு கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் கொள்கை. முதல் சீசனில் அதற்கு விலை கொடுத்தார்கள். டோட்டன்ஹாமிடம் 9–1, செல்சியிடம் 8–0. ஆனாலும் 16ஆம் இடம் பிடித்துத் தப்பினார்கள். அடுத்த சீசனிலும் 16ஆம் இடம்தான், அதுவும் கடைசி நாளில்.

மூன்றாவது சீசன், 2011–12, இந்த ஆய்வுக்கு முக்கியமானது. இலையுதிர் காலத்தில் தொடர்ச்சியாக 8 தோல்வி. கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்ட நேரத்தில் பயிற்சியாளர் பின்வரிசையை மூன்று பேராக மாற்றினார். கடைசி 9 ஆட்டங்களில் 7 வெற்றி. மான்செஸ்டர் யுனைடெட்டைச் சொந்த மைதானத்திலும், லிவர்பூலையும் ஆர்சனலையும் அவர்கள் மைதானத்திலேயே போயும் வீழ்த்தினார்கள். 43 புள்ளிகளுடன் (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1) 15ஆம் இடம்.

அந்த மீட்சி அழகானதுதான். ஆனால் அது ஒரு கெட்ட பழக்கத்தையும் விதைத்துவிட்டுப் போனது என்பது என் கணிப்பு. மார்ச் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்ற நிம்மதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

2012 கோடை

சிறிய அணி, சுமார் 25,000 பேர் உட்காரும் மைதானம். ஆளை விற்றுத்தான் வண்டி ஓடும். முந்தைய ஆண்டுகளிலும் நல்ல ஆட்டக்காரர்கள் மான்செஸ்டர் யுனைடெட், டோட்டன்ஹாம், ஆஸ்டன் வில்லா என்று போய்க்கொண்டேதான் இருந்தார்கள். இந்த முறை விங்கர் செல்சிக்கும், நடுக்கள ஆட்டக்காரர் வெஸ்ட் ஹாமுக்கும், முன்கள ஆட்டக்காரர் ஃபுல்ஹாமுக்கும் போனார்கள். ஸ்பெயினிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரும் ஒரு நடுத் தடுப்பாட்டக்காரரும் வந்தார்கள். ஸ்ட்ரைக்கர் லீக்கில் 11 கோல் போட்டார். அந்த வாங்கலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் முதல் மார்ச் தொடக்கம் வரை: கண்ணில் பட்டவை

இந்தப் பகுதியில்தான் அணி தரமிறங்கியது. மே மாதத்தில் நடந்தது அதன் அறிவிப்பு மட்டுமே.

சொந்த மைதானத்தில் ஆடிய 19 ஆட்டங்களை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். 4 வெற்றி, 6 டிரா, 9 தோல்வி. அந்த ஆறு டிராவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது சற்று நேரம் தாளையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஸ்டோக் 2–2. எவர்ட்டன் 2–2. கியூ.பி.ஆர். (குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) 2–2. சவுதாம்ப்டன் 2–2. டோட்டன்ஹாம் 2–2. ஆஸ்டன் வில்லா 2–2. ஆறும் ஒரே ஸ்கோர். கோலே விழாத டிரா அந்த சீசன் முழுவதிலும், வெளியூரையும் சேர்த்து, ஒன்றுகூட இல்லை.

அணிக்குக் கோல் போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 38 ஆட்டங்களில் 47 கோல். 9ஆம் இடம் பிடித்த ஸ்வான்சியும் 15ஆம் இடத்து வில்லாவும் போட்டது அதே 47தான். 17ஆம் இடத்தில் தப்பிய சண்டர்லேண்ட் 41 கோல்தான் போட்டது. ஆனால் விகன் வாங்கிய கோல்கள் 73. லீக்கில் அதற்கு ஈடாக வாங்கியது ரெடிங் ஒன்றுதான். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்வது என்பார்களே, அதைத்தான் இந்த அணி வாரா வாரம் தனக்குத்தானே செய்துகொண்டது.

சண்டர்லேண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் மைதானத்தில் 1–0 தோல்வி. ஜனவரி 19 அன்று விகனில் நடந்த ஆட்டத்தில் சண்டர்லேண்ட்காரர்களே சேம்சைடு கோல் போட்டு விகனுக்கு முன்னிலை கொடுத்தார்கள். இடைவேளைக்குள் விகன் மூன்று கோல் வாங்கிவிட்டது. ஆட்டம் 3–2 என்று முடிந்தது. கடைசியில் தனக்கு ஒரு படி மேலே நின்று தப்பித்த அணியிடம் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

காயங்களும் சேர்ந்துகொண்டன. நவம்பர் தொடக்கத்தில் டோட்டன்ஹாம் மைதானத்தில் வெற்றி கோல் போட்ட நடுக்கள ஆட்டக்காரருக்கு, இரண்டே வாரத்தில் லிவர்பூலில் கால் முறிந்தது. (இவரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.) கோடையில் வாங்கிய நடுத் தடுப்பாட்டக்காரர் ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுந்து, மிச்ச சீசனுக்கு வெளியே போனார். ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஜனவரி சந்தையில் கடனுக்கு (வேறு அணியிடமிருந்து தற்காலிகமாக) ஒரு கோல்கீப்பர், ஒரு நடுக்கள ஆட்டக்காரர், கடனுக்கு ஓர் இளம் ஸ்ட்ரைக்கர், பழைய ஆட்டக்காரர் ஒருவர் மறுபடியும் கடனுக்கு என நால்வர் வந்தார்கள். அவர்களில் பின்வரிசையில் நிறுத்தத் தோதானவர் கடைசியாகச் சொன்ன ஒருவர்தான்.

மார்ச் 2 அன்று லிவர்பூல் விகனுக்கு வந்து 4–0 என்று அடித்துவிட்டுப் போனது. 28 ஆட்டங்களில் 24 புள்ளி.

கோப்பைப் பாதையும் எடுத்த முடிவுகளும்

கோப்பை தொடங்கியபோது பயிற்சியாளர் எடுத்த முதல் முடிவு எளிமையானது: லீக்கில் இடம் கிடைக்காதவர்களை ஆட வைப்பது. ஜனவரியில் மூன்றாம் அடுக்கு போர்ன்மவுத்துடன் 1–1, பிறகு மறு ஆட்டத்தில் 1–0. அடுத்து ஐந்தாம் அடுக்கு மேக்கிள்ஸ்ஃபீல்டில் ஒரு பெனால்டியால் 1–0. பிப்ரவரியில் ஹடர்ஸ்ஃபீல்டில் 4–1. இதற்கெல்லாம் லீக் அணியின் முதல் பதினொருவர் பெரிதாக வியர்வை சிந்தவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆட்டம் கிடைத்தது, அவ்வளவே.

மார்ச் 9, கால் இறுதி, எவர்ட்டன் மைதானம். லிவர்பூலிடம் நான்கு வாங்கிய அடுத்த வாரம் அது. அரை மணி நேரம் ஆனதும் ஒரு கார்னரில் தலையால் ஒரு கோல். மறுநிமிடம், எவர்ட்டன் பின்வரிசை தவறவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய இளம் விங்கர் கோல்கீப்பர் தலைக்கு மேல் மெல்லத் தூக்கிப் போட்டார். அதற்குள் மூன்றாவதும் விழுந்தது. ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் மூன்று கோல். அந்த விங்கர் விகனிலேயே வளர்ந்த பையன். அதுவரை லீக்கில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். கோப்பைதான் அவரை முதல் அணிக்குக் கொண்டுவந்தது. அவர் ஆடத் தொடங்கிய பிறகு லீக்கிலும் நியூகாசில், நார்விச் ஆட்டங்களை அடுத்தடுத்து வென்றார்கள். கோப்பை லீக்குக்குக் கொடுத்ததும் உண்டு என்பதற்கு இவரே சாட்சி.

ஏப்ரல் 13, அரை இறுதி. வெம்பிளியில் மில்வாலை 2–0. நான்கு நாள் கழித்து லீக்கில் மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் 83 நிமிடம் தாக்குப்பிடித்து, 1–0 தோல்வி. இறுதியில் சந்திக்கப்போவதும் அதே சிட்டிதான்.

பயிற்சியாளரின் இரண்டாவது முடிவு, முறையை மாற்றாமல் இருந்தது. தோல்வி வரிசையாக வந்தபோதும் பந்தைத் தரையில் வைத்து ஆடுவதை அவர் விடவில்லை. அவர் தரப்பில் நியாயம் இருந்தது: முந்தைய ஆண்டு காப்பாற்றியது அந்த முறைதான். பண பலத்தில் தன்னைவிடப் பெரிய அணியை முட்டி மோதி ஜெயிக்க முடியாது, பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டால்தான் முடியும். சிட்டி போன்ற அணிக்கு எதிராக அது முழுக்க சரியான கணக்கு. ஸ்டோக், கியூ.பி.ஆர். போன்ற அணிகள் விகனுக்கு வரும்போது அதே கணக்கு செல்லுபடியாகுமா என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை.

ஏப்ரல் 27 முதல் மே 14 வரை

ஏப்ரல் 27, டோட்டன்ஹாம் விகனில். கேப்டன் ஒரு கோல் போட்டார், இளம் விங்கர் ஒன்று. 2–1 என்று முன்னிலை. 89ஆவது நிமிடத்தில் அதே கேப்டன் மேல் பட்டு சேம்சைடு கோல். இரண்டு புள்ளி காற்றில் போனது. மே 4, வெஸ்ட் பிராம் மைதானத்தில் 3–2 வெற்றி. மே 7, ஸ்வான்சி விகனில். இரண்டு முறை முன்னிலை எடுத்தார்கள், இரண்டு முறையும் நழுவ விட்டார்கள், 76ஆவது நிமிடத்தில் மூன்றாவதையும் வாங்கி 3–2 என்று தோற்றார்கள். ஸ்வான்சிக்கு அந்த ஆட்டத்தில் பெறவோ இழக்கவோ ஏதுமில்லை. ஒரு சீசனை ஒரே இரவில் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஆட்டத்தைத்தான் பார்க்கச் சொல்வேன்.

நான்கு நாள் கழித்து வெம்பிளி. மழைச் சாரல், 86,254 பேர். எதிரே 2012இன் லீக் சாம்பியன். அன்றைக்கே சிட்டி பயிற்சியாளரின் வேலை போகப்போகிறது என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. விகனில் பின்வரிசைக்கு ஆள் தட்டுப்பாடு. நடுக்களத்துக்காரரை வலது ஓரத்துக்கு இழுத்து, கடனுக்கு வந்த பழைய ஆட்டக்காரரைத் தடுப்பில் நிறுத்தி மூவரைத் தேற்றினார்கள். இளம் விங்கரை நிறுத்த முடியாமல் சிட்டியின் ரைட் பேக் 84ஆவது நிமிடத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார்.

அதற்கு மூன்று நிமிடம் முன்பு, 81இல், பயிற்சியாளர் ஓர் ஆளை மாற்றியிருந்தார். நவம்பரில் கால் முறிந்தவர் உள்ளே வந்தார். ஆட்டத்தின் 90 நிமிடமும் முடிந்து, தடங்கல்களுக்காகச் சேர்த்த நேரத்தின் முதல் நிமிடம், கார்னர். பந்து முதல் கம்பத்தை நோக்கி வர, அவர் ஓடிவந்து, காவலுக்கு நின்றவருக்கு முந்தி, நெற்றியால் பின்னோக்கித் தட்டிவிட்டார். பந்து வளைந்து, கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் விழுந்தது. 1–0. 53 ஆண்டுக்கு முன் இதே கோப்பையில் கால் முறிந்த உரிமையாளருக்கு, அந்த சீசனிலேயே கால் முறிந்த ஒருவர் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். காயத்தால் ஆட முடியாமல் போன கிளப் கேப்டனும், ஆட்டத்தை நடத்திய கேப்டனும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள்.

இறுதிப் போட்டிக்காகத் தள்ளிவைத்த லீக் ஆட்டம் செவ்வாய்க்கிழமை ஆர்சனல் மைதானத்தில். கையில் 35 புள்ளி, இரண்டு ஆட்டம் பாக்கி. சண்டர்லேண்ட் 39இல் நின்றது. டிரா செய்தால் ஏட்டளவில்தான் உயிர், ஜெயித்தே ஆக வேண்டும். ஆர்சனலுக்கும் நான்காம் இடத்துக்கான போராட்டம் இருந்ததால் விட்டுக்கொடுக்க வழியில்லை. ஆர்சனல் முதலில் கோல் போட்டது. இடைவேளைக்குச் சற்று முன் ஒரு ஃப்ரீ கிக்கில் 1–1. பிறகு 63, 68, 71 ஆகிய நிமிடங்களில் மூன்று கோல். ஆட்டம் 4–1. எவர்ட்டனில் நான்கு நிமிடத்தில் மூன்று போட்ட அணி, இங்கே எட்டு நிமிடத்தில் மூன்று வாங்கியது. மே 19 அன்று வில்லாவுடன் கடைசி ஆட்டம், 2–2.

36 புள்ளி, 18ஆம் இடம். பிரீமியர் லீக்கில் எட்டு ஆண்டு வாசம் முடிந்தது.

கோப்பையா காரணம்?

முதல் 28 ஆட்டங்களில் 24 புள்ளி. கால் இறுதிக்குப் பிறகு, அதாவது கோப்பை ஆசை உச்சத்தில் இருந்த காலத்தில், 10 ஆட்டங்களில் 12 புள்ளி. முன்னது ஆட்டத்துக்கு 0.86, பின்னது 1.2. பின்னதன் வேகத்தில் சீசன் முழுக்க ஆடியிருந்தால் 45 புள்ளி தாண்டியிருக்கும். அது நடுப்பகுதியில் உட்காரும் கணக்கு. கோப்பையில் மும்முரமாக இருந்தபோதுதான் லீக்கிலும் ஓரளவு ஆடினார்கள்.

மே 7 முதல் 14 வரை எட்டு நாளில் மூன்று ஆட்டம், அதுவும் பாதி ஆட்கள் காயத்தோடு. ஆர்சனலிடம் அந்த எட்டு நிமிடத்தில் களைப்பு தெரியத்தான் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் சோர்ந்த காலோடு ஆர்சனல் மைதானத்தில் ஜெயித்தே தீர வேண்டும் என்ற நிலைக்கு அணியைத் தள்ளியது செப்டம்பரும் டிசம்பரும் ஜனவரியும்.

கோப்பையின் 7 ஆட்டங்களில் போட்டது 13 கோல், வாங்கியது 2. இதை வைத்துக் கோப்பையில் தடுப்பு நன்றாக இருந்தது என்று சொல்லவும் தயங்குகிறேன். எதிரிகளில் இரண்டு பேர்தான் பிரீமியர் லீக் அணிகள். மற்ற நால்வருக்கு விகனின் ஓட்டைகளைத் தேடிப் பிடிக்கும் ஆட்கள் இல்லை.

பின்விளைவு

மே 13, சிட்டி தன் பயிற்சியாளரை நீக்கியது. ஜூன் 5, விகன் பயிற்சியாளர் எவர்ட்டனுக்குப் போனார். மூன்று மாதம் முன்பு 3–0 என்று அடித்த அதே எவர்ட்டன். அவரோடு ஸ்ட்ரைக்கர், கோல்கீப்பர், தடுப்பாட்டக்காரர், நடுக்களத்தின் இளம் தூண் என நால்வரும் அந்தக் கோடையில் அங்கே சேர்ந்தார்கள். கோப்பை வென்றதால் விகனுக்கு ஐரோப்பிய கிளப்களுக்கான யூரோப்பா லீக்கில் இடம் கிடைத்திருந்தது. இரண்டாம் அடுக்கில் ஆடிக்கொண்டே வியாழக்கிழமைகளில் ஐரோப்பா போய் வந்தார்கள். (இரண்டாம் அடுக்குக்குப் பெயர் சாம்பியன்ஷிப். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்.) பெல்ஜியம், ரஷ்யா, ஸ்லோவேனியா அணிகள் இருந்த குழுவில் கடைசி இடம். புதுப் பயிற்சியாளர் டிசம்பர் தொடக்கத்தில் கிளம்பிவிட்டார். அவருக்குப் பின் வந்தவர் அணியை 5ஆம் இடம் வரை ஏற்றினார், ஆனால் மேலேறும் கடைசி இடத்துக்கான பிளே ஆஃப் அரை இறுதியில் கியூ.பி.ஆரிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. அதே 2014 மார்ச்சில் கோப்பையில் மறுபடியும் சிட்டியை, அவர்கள் மைதானத்திலேயே, 2–1 என்று வீழ்த்தியது வேறு. 2015இல் அணி மூன்றாம் அடுக்குக்குப் போனது.

இதற்கிடையே, 2013இல் அதே மைதானத்தில் ஆடும் ரக்பி அணி தன் லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. ஊருக்கு அது பெரிய ஆறுதல்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

கோப்பைக்கு எடுத்த முடிவுகள் எதையும் நான் மாற்ற மாட்டேன். முதல் சுற்றுகளில் ஆள் மாற்றி ஆடியது, கிடைத்த வாய்ப்பில் இளம் விங்கரைப் பிடித்துக்கொண்டது, இறுதிப் போட்டிக்கு முழு பலத்தோடு இறங்கியது எல்லாம் சரி. ஆர்சனல் ஆட்டத்துக்காக வெம்பிளியில் ஆட்களைப் பதுக்கியிருக்க வேண்டும் என்று சொல்பவர்களுக்கு என் பதில்: பதுக்கியிருந்தாலும் அங்கே ஜெயித்திருப்பார்கள் என்பதற்கு அந்த சீசனில் ஆதாரம் மிகக் குறைவு.

மாற்ற வேண்டியது சொந்த மைதானத்தில். பெரிய அணியின் வீட்டுக்குப் போகும்போது ஆடும் அதே திறந்த ஆட்டத்தை, நடு அணிகள் தன் வீட்டுக்கு வரும்போதும் ஆடியது தவறு. 2–1 முன்னிலையில் கடைசி கால் மணி நேரம் என்றால் பின்வரிசைக்கு இன்னொரு ஆளை இறக்கி, பந்தைக் கூட்டத்துக்குள் அடித்து நேரத்தைக் கடத்துவது பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த ஆறு 2–2களில் எதையாவது இரண்டை வென்றிருந்தால் 40 புள்ளி. சண்டர்லேண்ட் முடித்தது 39இல்.

அடுத்தது ஜனவரி. சண்டர்லேண்டிடம் மூன்று வாங்கிய 19ஆம் தேதி இரவு, 23 ஆட்டம் முடிந்திருந்தது, நடுத் தடுப்பாட்டக்காரர் இல்லை, சந்தை மூட 12 நாள் இருந்தது. அணியிடம் கோல் போடும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அந்த 12 நாளில் முழு உடல்நலத்தோடு இருக்கும் இரண்டு நடுத் தடுப்பாட்டக்காரர்களை, ஒரு சீசனுக்குக் கடனாகவாவது, பிடித்திருக்க வேண்டும். வந்தவர் ஒருவர், அவரும் சந்தை மூடும் நேரத்தில் ஜெர்மனியிலிருந்து வந்தார்.